சூரியனைக் காக்கவைத்த ஐந்து ஆம்பியர்

1997ஆம் வருஷம் பொங்கலன்று தொடங்கி நாற்பத்தோரு நாள், மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது குறுக்குத் தெருவில், பதினேழாம் எண் வீட்டுக்கு மட்டும் சாயந்தரம் வரவில்லை. பதினாறாம் எண்ணுக்கு வந்தது, பதினெட்டாம் எண்ணுக்கும் வந்தது. ஆறு மணிக்கு அங்கெல்லாம் விளக்கேற்றிக் கொசுவர்த்தி கொளுத்தினார்கள். பதினேழில் நாலு மணி வெயில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சாய்ந்தபடி நின்றது, நின்றதுதான். காம்பவுண்டுச் சுவரோடு அந்த வெயில் முடிந்தது. சுவரோரத் தென்னையில் பாதி மட்டைகளுக்குப் பகல், பாதி மட்டைகளுக்கு ராத்திரி. பக்கத்து வீட்டு ஜெயபாரதி ராத்திரி எட்டு மணிக்கு மேல் துணி துவைத்துச் சுவருக்கு இந்த வெயில் பக்கமாகத் தொங்கவிடப் பழகிக்கொண்டாள்.

இதற்குக் காரணம் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசராகவன்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. முப்பத்து மூன்று வருஷம் மின்சார இலாகாவில் என்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் வாசல் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்து, "இந்த மூஞ்சிய ஆபீஸ்ல பாத்தது போறாதா?" என்றார். மாதம் முடிவதற்குள் இணைப்பே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். இனிமேல் சூரியன் போதும் என்று நாலு சோலார் பேனலும் இரண்டு பாட்டரியும் வாங்கி வைத்தார். மிச்சம் இருந்தது சார்ஜ் கண்ட்ரோலர் ஒன்றுதான். பேனலில் இருந்து வருவதை பாட்டரிக்கு அளந்து விடுகிற சின்னப் பெட்டி. எத்தனை ஆம்பியர் தாங்குகிற பெட்டியை வாங்குவது என்பது கேள்வி. ஊருக்கே லோடு கணக்குப் போட்டுக் கொடுத்தவருக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? பழைய டைரியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: டியூப்லைட் இரண்டு, மேசை ஃபேன் ஒன்று, ஆக நாலரை ஆம்பியர். அரை ஆம்பியர் தாராளமாகவே சேர்த்து ஐந்து என்று அடிக்கோடு இட்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே பாட்டரி கடை வைத்திருந்த அப்துல் கய்யூம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், இத்த பல்பப் பாத்து எடுக்கக் கூடாது, பேனலப் பாத்து எடுக்கணும். நாலும் சேந்து ஒம்பது ஆம்பியர் தள்ளும். மேகம் வெலகற நேரத்துல இன்னும் எகிறும், அதுக்குக் கால் பங்கு கூட்டிக்கணும். பதினொண்ணே கால் வருது. பதினஞ்சு ஆம்பியர் பெட்டி எடுத்துக்கினு போங்க." ஸ்ரீனிவாசராகவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எங்காத்துல எரியப்போறதே நாலரை. மிச்சத்தை நான் என்ன பண்றது, ஊறுகாயா போடறது?" என்று கேட்டு ஐந்து ஆம்பியர் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். கய்யூம் பதினைந்து ஆம்பியர் பெட்டி ஒன்றில் ‘17, மந்தைவெளி’ என்று எழுதி அலமாரியில் ஓரமாக வைத்தார்.

வேறு வீடாக இருந்தால் அந்தப் பெட்டி ஒரே வாரத்தில் கருகித் தெரு முழுக்க நாறியிருக்கும். இது அப்படிப் பண்ணவில்லை. எஜமானரைப் போலவே சட்டதிட்டம் தெரிந்த பெட்டி. ஒன்பது வந்தால் ஐந்தை உள்ளே விட்டது, நாலை வெளியே நிறுத்தியது. நின்ற நாலும் எங்கே போகும் பாவம்? மேற்கே இறங்காமல் மொட்டை மாடியில் காத்திருந்தது. மறுநாள் காலை கிழக்கில் புதிதாக ஒன்பது வந்தது. அதிலும் ஐந்து உள்ளே, நாலு போய் முதல் நாலுக்குப் பின்னால் நின்றது. பத்தாம் நாள், கைப்பிடிச் சுவரோரம் பத்து நாள் வெயில் வரிசையில் நிற்பது தெருமுனையில் இருந்து பார்த்தாலே தெரிந்தது. தள்ளுமுள்ளு எதுவும் இல்லை.

இதில் மோசம் போனவள் அவர் மனைவி ஜானுதான். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், அத்தனை வருஷமும் சாயந்தரம் இரண்டு டம்ளர் காபி கலந்து, ஒன்றைத் தான் குடித்து, மற்றதை மூடிவைத்துக் காத்திருந்தவள். அவர் ஒரு நாளாவது பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்காவது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருக்கும். ரிடையர் ஆகட்டும் என்று இருந்தாள். ஆனார், சாயந்தரம் நின்றுபோயிற்று. பூக்காரி கெங்கம்மாவும் வருவதை நிறுத்திவிட்டாள். "இன்னா சாரே, உன் வூட்டாண்ட வந்தா மொக்கு அல்லாம் அப்பவே விரிஞ்சு வாடிப்பூடுது, வேற வூட்டுல எவ வாங்குவா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குக் கூடையை நகர்த்தினாள்.

ஸ்ரீனிவாசராகவனுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. சூரியன் அஸ்தமித்தால்தானே சாயங்கால சந்தியாவந்தனம்? பஞ்சபாத்திரத்தில் ஜலத்தை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து உட்காருவார், ஜலம் ஆவியாகிப் போகும், மறுபடி நிரப்புவார். தெருவில் இறங்கிப் பண்ணிவிட்டு வரச் சொன்னாள் ஜானு. "என் சூரியன் என் ஆத்துல நிக்கறச்சே, தெருவுல போற சூரியனுக்கு நான் எதுக்கு அர்க்யம் விடணும்?" என்றார். வீம்புக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. நோன்பு மாதத்தில் ஒரு நாள் கய்யூம் பெட்டியைப் பார்க்க வந்தார். தெருவில் பாங்கு சொல்லியாகிவிட்டது, கையில் பேரீச்சம்பழம். கேட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவர் சுளீரென்ற வெயிலைப் பார்த்துக் காலை வெளியே எடுத்துக்கொண்டார். "இங்க மக்ரிப் ஆயிடுச்சு, நோன்பு தொறக்கலாம், உள்ள இன்னும் அஸர் நேரம், நாலு மணிதான். நான் இந்தப் பக்கமே நின்னு சாப்ட்டுக்கறேன் சார்." சாப்பிட்டுவிட்டு, "பெட்டிய மாத்திடலாம் சார், எடுத்து வெச்சிருக்கேன்" என்றும் சொன்னார். பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, சூரியன்தான் அளவு தெரியாமல் வருகிறது என்று ஸ்ரீனிவாசராகவன் பதில் சொன்னார்.

இருபதாம் நாள் ஜானு பையை எடுத்துக்கொண்டாள். அவள் கண்மூடித் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. "ஏன்னா, உங்க கணக்கு தப்புன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்கோ, நான் போகலை" என்றாள். அவர் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "முப்பத்திரண்டு வருஷம் சாயந்தரத்துல நீங்க இல்லே. இப்போ நீங்க இருக்கேள், சாயந்தரத்தையே இல்லாம அடிச்சுட்டேளே!" என்று சொல்லிவிட்டு அடையாறில் தங்கை ஸ்ரீலக்ஷ்மி வீட்டுக்குப் போய்விட்டாள். ஆட்டோ தெருவில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு போவதை அவர் வெயிலில் நின்று பார்த்தார்.

தனியாக மூன்று வாரம் இருந்தார். சாதம் வடிக்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியாது. பேசவும் ஆளில்லை, பகலுக்கு முடிவும் இல்லை. நாற்பத்தோராம் நாள், காபி கலக்கிறேன் பேர்வழி என்று பாலைப் பொங்கவிட்டார். கலந்தபோது பழக்கமில்லாத கைக்கு அளவு தெரியாமல் இரண்டு டம்ளர் வந்தது. ஒன்றைக் குடித்தார். மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டு போட்டு மூடினார். மூடிய பிறகு அந்த டம்ளரைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு டைரித் தாளை எடுத்துப் படித்தார். டியூப்லைட்டுக்கு எவ்வளவு, ஃபேனுக்கு எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. மாடிக்கு எவ்வளவு வரும் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க, தனக்கு எவ்வளவு வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார். வந்துகொண்டே இருந்ததை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஆறிப்போன காபிகள் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. வெயில் சூட்டில் கண்ணீர் கன்னத்தைத் தாண்டவில்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றார். "கய்யூம், என் கணக்கு தப்பு." கய்யூம் அலமாரியில் இருந்து பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். நாற்பத்தோரு நாள் பாக்கி நிற்கிறதே, பதினைந்து போதுமா என்று இவருக்குத் திடீர்க் கவலை. "அதுங்க இத்தினி நாளு பொறுமையா நின்னுதுங்க சார், வாசலப் பெருசாத் தொறந்தா தானா போயிடும்" என்றார் கய்யூம். மத்தியானம் பெட்டியை மாட்டினார்கள். வரிசை நகர்ந்தது. அவ்வளவு வெயிலையும் இரண்டு பாட்டரி எங்கே வைத்துக்கொண்டது என்று கேட்கக் கூடாது. இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் எஸ்டிடி பூத்துக்கு ஓடி அடையாறுக்குப் போன் போட்டார். "ஜானு, கணக்கு தப்பு. உடனே கெளம்பி வா, சாயந்தரம் வரப்போறது." "சாயந்தரம் வந்தப்புறம் சொல்லுங்கோ" என்றாள். "வந்தப்புறம் சொன்னா போயிடுமேடி!" என்று அவர் கத்தியதில் பூத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

ஐந்தரைக்கு அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆறேகாலுக்கு மேற்கே சிவந்தது, இருட்டியது. விளக்கேற்றுவதற்குள் மறுபடி சிவந்தது. வெளியே காத்திருந்தது வெயில் மட்டும் இல்லை போலும். நாற்பத்தோரு சாயந்தரமும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காற்று, தனியாகக் கொசு. அவர் ஒவ்வொன்றுக்கும் சந்தியாவந்தனம் பண்ணினார். பன்னிரண்டாவதில் தொண்டை கட்டிக்கொண்டது. ஏழாவதோடு பால் தீர்ந்தது. அப்புறம் வெறும் டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். இருபதாவதில் ஜானு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவர் அசையாமல் உட்கார்ந்து அந்த ஒன்றுக்கு மட்டும் சந்தியாவந்தனம் பண்ணாமல் விட்டார், இன்னும் இருபத்தொன்று இருந்தது. தெருக் கணக்குப்படி இது மூன்று நாள் நடந்தது. தேடி வந்தவர்களை ஜெயபாரதி, "அவாத்துல இன்னும் சாயந்தரம் ஆயிண்டிருக்கு, நாளன்னிக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு பதினேழாம் எண் வீட்டுச் சாயந்தரம் மற்ற வீடுகளைப் போலத்தான் வருகிறது. முடிவது மட்டும் கால் பங்கு பிந்தி முடிகிறது. கண்ட்ரோலரில் கூட்டிப் போட்ட கால் பங்கு என்று கய்யூம் சொல்லிவிட்டதால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கெங்கம்மா இப்போது அந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்கிறாள். தெரு முழுக்க இருட்டிய பிறகும் அங்கே பூவை முழம் போட வெளிச்சம் இருக்கும், மாடியில் இருந்து இரண்டு பேரும் இறங்கி வர நேரமும் ஆகும்.