வாயில் வைக்காத ஆறு வாரம்

விளக்கு எரிந்தால் உயிர். எரியாவிட்டால் செத்தது. அந்த மேசையில் உட்கார இதற்கு மேல் படிப்பு எதுவும் தேவையில்லை.

கனிஷாய் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு 'வேப்'பை, அதாவது மின்சிகரெட்டை, எடுத்தாள். யாரோ ஊதித் தீர்த்து எறிந்தது. விரல் நீளம், இளஞ்சிவப்பு நிறம், ஒரு பக்கம் காய்ந்த சேறு. வாய் வைக்கும் முனையை வோட்காவில் நனைத்த துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, உதட்டில் வைத்து இழுத்தாள். அடியில் நீலமாக விளக்கு எரிந்தது. இடப்பக்கப் பெட்டியில் போட்டாள். அடுத்ததை இழுத்தாள், எரியவில்லை. வலப்பக்கம். பிறகு எல்லாவற்றையும் உடைத்துப் பேட்டரியை உருவ வேண்டும். உயிருள்ளவற்றை டார்ச் லைட் செய்கிற ஒரு ஆள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார். செத்தவை எடைக்குப் போகும். இரண்டும் கலந்துவிட்டால் முதலாளி எர்மெக் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

கொட்டகை கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் குப்பை மேட்டுக்கு எதிரே இருந்தது. வேப்பைக் கடையில் விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மூட்டைகளுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை, வந்துகொண்டேதான் இருந்தன. நிலக்கரி அடுப்பின் புகை, மாம்பழம், புதினா, தர்பூசணி எல்லாம் கலந்து ஒரு நெடி. புதிதாக உள்ளே வருகிறவன் மூக்கைப் பொத்துவான், பழகியவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"நேத்து ஒண்ணு கெடச்சுது பாரு, திராட்சை," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த க்ளாரா. ஐம்பது வயது, முன்பற்கள் இரண்டும் தங்கம். "பாதிக்கு மேல சாறு மிச்சம். எந்தப் பணக்காரன் பெத்த புள்ளயோ தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என் புருஷனுக்குக் குடுத்தேன். அந்த ஆளு இத்தன வருஷத்துல மொத தடவையா என்னப் பாத்துச் சிரிச்சாரு."

"சாறப் பாத்துச் சிரிச்சிருப்பாரு அக்கா."

"அதுவும் சரிதான்."

கனிஷாய்க்கு முப்பத்து நான்கு வயது. போன வருஷக் குளிர்காலம் வரை அவளும் மேட்டில்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குப்பை லாரியின் பின்னால் ஏறி இறங்கும்போது பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட காலோடு வந்து நின்றவளுக்கு எர்மெக் இந்த நாற்காலியைக் கொடுத்தான். அதைக் கருணை என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை அவனிடம் வேறு இருக்கவில்லை.

முதல் வாரம் தலை சுற்றி, வெளியே போய்ப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு ஒருநாள் மதியம் திடீரென்று கவனித்தாள், கால் வலிக்கவில்லை. இழுத்த கொஞ்ச நேரத்துக்கு வலி தூரத்தில் போய் நின்றது. திரும்பி வந்ததும் அடுத்ததை இழுத்தாள். எப்படியும் இழுக்கத்தானே போகிறோம் என்று நினைத்தாள். வலி மாத்திரை வாங்குகிற காசு மிச்சம். சாறு மிச்சமிருக்கிறதாகப் பார்த்து ஒன்றிரண்டை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் போனாள். கட்டைப் பிரித்தபோது எலும்பு ஒட்டியிருக்கவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள், அப்போதும் ஒட்டவில்லை. ஊன்றுகோல் அவளோடு தங்கிவிட்டது.

ஆறு வயது மகள் மீரிம், நாரின் என்ற மலை ஊர்ப் பக்கம், இறந்துபோன கணவனின் அக்கா வீட்டில் இருந்தாள். அம்மா நடக்க ஆரம்பித்ததும் வந்து கூட்டிக்கொள்வாள் என்பது பேச்சு. போன் செய்தால் குழந்தை முதலில் கேட்பது அதைத்தான்.

"அம்மா, கால் ஒட்டிடுச்சா?"

"ஒட்டிடும்டி கண்ணு. செப்டம்பர்ல உன்ன ஸ்கூல்ல சேக்கணும்ல, அதுக்குள்ள வந்துடுவேன்."

நாத்தனார் போனைப் பிடுங்கிப் பேசுவாள். "நடந்து வந்தாக் கூட்டிட்டுப் போ. கோலை ஊணிக்கிட்டு வந்தா நான் அனுப்ப மாட்டேன். அவள நீ பாப்பியா, உன்ன அவ பாப்பாளா?"

கொடுமையான பேச்சுதான். ஆனால் அதில் பொய் இல்லை என்பதால் கனிஷாய்க்கு இன்னும் அதிகமாக வலித்தது.

மார்ச் மாதம் அரசு மருத்துவமனையில் அவள் முறை வந்தது. இலவச அறுவை சிகிச்சை. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து, உலோகத் தகடு பொருத்தி முடுக்குவார்கள். டாக்டர் தலாய்பெக் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"புகை பிடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர். எங்க வீட்டுல யாருமே பிடிச்சதில்ல."

அவர் மூக்கை உறிஞ்சினார். "அப்ப இந்த மாம்பழ வாசனை?"

"அது வேலை டாக்டர்."

என்ன வேலை என்று சொன்னாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எக்ஸ்ரேயை மேசையில் வைத்தார்.

"எலும்பு ஏன் ஒட்டலன்னு இத்தன நாளா மண்டைய ஒடைச்சுக்கிட்டிருந்தோம். அதுல நிகோடின் இருக்கும்மா. உள்ள போனா ரத்தக்குழாய் சுருங்கிடும். ஒட்டப் போற எலும்பும் ஒட்டாது."

"ஆனா இழுத்தா வலி கொறையுது டாக்டர்."

"கொறையும், கொஞ்ச நேரத்துக்கு. நாள் ஆக ஆக அதுவும் கொறையாது. வலி மட்டும் அப்படியே இருக்கும்." அவர் விரலால் மேசையைத் தட்டினார். "ஆறு வாரம். ஒரு இழுப்புகூடக் கூடாது. வந்ததும் சிறுநீர் எடுத்துப் பாப்போம். அதுல நிகோடின் இருந்துச்சுன்னா ஆபரேஷன் கெடையாது. வெட்டித் தகடு வச்சும் ஒட்டலன்னா உங்க கால் இதவிட மோசமாப் போயிடும்."

எர்மெக் ஒரு கிண்ணம் லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"அண்ணே, ஆறு வாரத்துக்கு வேற வேலை குடு. பிளாஸ்டிக் பிரிக்கிற எடத்துல நிக்கறேன்."

"எந்தக் கால்ல நிப்ப?"

"அப்ப லீவு குடு."

"எடுத்துக்கயேன்." நூடுல்ஸை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னான். "நான் உன்ன வெரட்டலம்மா. ஆனா அந்த நாற்காலி காலியா இருக்காது. கேட்டுக்கு வெளிய எத்தன பேர் நிக்கறாங்கன்னு நீயே தெனம் பாக்குற."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். க்ளாரா விஷயத்தை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"அட, இதுக்கா மூஞ்சிய உப்பி வச்சிருக்க? ஊதறத நான் ஊதிக்கறேன். ஒடைக்கறத நீ ஒடை. அவனுக்குப் பெட்டி நெறையணும். யாரு வாயின்னு வந்து பாக்கவா போறான்?"

"உனக்கு ரெண்டு மடங்கு ஆகுமே அக்கா."

"ஆகட்டுமே. என் எலும்பெல்லாம் ஒழுங்காத்தான் ஒட்டியிருக்கு. இந்த நெஞ்சா? இத எப்பவோ இந்த ஊருக் கரிப்புகைக்கு எழுதிக் குடுத்தாச்சு." பையை நீட்டினாள். "சட்டையில பதுக்கி வச்சிருக்கறதயும் எடுத்துப் போடு. திருட்டுத்தனமா நீ இழுத்தன்னு தெரிஞ்சுது, இன்னொரு காலயும் நானே ஒடைப்பேன்."

அன்று முதல் க்ளாரா தன் மூட்டையையும் அவள் மூட்டையையும் இழுத்துப் பார்த்துத் தள்ளினாள். கனிஷாய் இருவருக்குமாகச் சேர்த்து உடைத்தாள். குறடால் பிளாஸ்டிக் உறையை நெரித்தால் பட்டென்று பிளக்கும். உள்ளே சாறு ஊறிய பஞ்சு, அதை ஒட்டிப் பேட்டரி. பஞ்சை விரலால் உருவி வாளியில் போட வேண்டும், பேட்டரியைத் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். சாறு விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டு வரை வழியும். அவள் கைகளில் குளிர்கால வெடிப்பு இன்னும் ஆறவில்லை. சாறு பட்டால் சுரீர் என்று எரிந்தது. வீட்டுக்குப் போனதும் ஆட்டுக் கொழுப்பைத் தடவிக்கொண்டாள்.

"மூணாம் நாள் செவுத்துல ஏறுவ பாரு," என்று க்ளாரா பயமுறுத்தியிருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது, பிறகு தணிந்துவிட்டது. கால்கூட நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தான் பாடாய்ப் படுத்தின. தலை விண்ணென்று தெறிக்கும், கால் வலியில் உட்கார முடியாது, அண்டை வீட்டுக்காரி கதவைத் தட்டினால்கூட அழுகை வரும். திங்கட்கிழமை வேலையில் உட்கார்ந்ததும் சரியாகிவிடும். கையில் வேலை இருந்தால் மனசு அதில் போய்விடுகிறது என்று எடுத்துக்கொண்டாள். தனக்கு இவ்வளவு உறுதி இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது.

"நான் கல்யாணத்துக்கு முன்னாடி சிகரெட்ட விடணும்னு நாலு தடவ பாத்தேன், முடியல," என்று சொல்லிக்கொண்டே க்ளாரா இருமினாள். இப்போதெல்லாம் இருமல் அவளை முன்னால் மடக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. "நீ மலை நாட்டுப் பொம்பள. கல்லு."

"போதும் அக்கா. கொஞ்ச நேரம் நிறுத்து. நான் வேணா..."

"தொட்டுப் பாரேன்," என்று க்ளாரா மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குறித்த நாளில் கனிஷாய் காலையிலேயே குளித்துத் தலைக்குச் சுத்தமான துணி கட்டிக்கொண்டு புறப்பட்டாள். பையில் செருப்பு, இரவு அங்கி, தேநீர்க் கோப்பை, கரண்டி எல்லாம் இருந்தன. அன்றே சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வேனில் இடம் கொடுத்த பையனிடம் கேட்காமலே சொன்னாள், "கால ஒட்ட வைக்கப் போறேன்." செவிலி ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் வாங்கிக்கொண்டு போனாள். வராந்தாவில் தோளில் கட்டுப் போட்ட ஒரு ஆள் அடுத்து உட்கார்ந்திருந்தான். தனக்கு முறை இல்லை, யாராவது வராமல் போனால் எடுத்துக்கொள்வார்களாம், தினமும் வந்து பார்க்கிறேன் என்றான். கனிஷாய்க்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பையிலிருந்து ரொட்டியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரின் மேசையில் காகிதத்தின் மேல் பரிசோதனைப் பட்டை கிடந்தது.

"ஆறு வாரம்னு சொன்னேனே."

"ஆறு வாரமும் வாயில வைக்கல டாக்டர்."

"இது வேற மாதிரி சொல்லுதே."

"என் பொண்ணு மேல சத்தியமா வைக்கல. கூட வேலை செய்யற அக்காவக் கேளுங்க. எனக்கும் சேத்து அவங்கதான் ஊதறாங்க. நான் ஒடைக்கிற வேலை மட்டுந்தான். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒடைப்பேன், சாறெல்லாம் எடுத்து..."

சொல்லிக்கொண்டே போனாள். டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்து நிறுத்தினாள்.

அவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை உருவி மாட்டிக்கொண்டார். அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்களில் பழுப்பேறியிருந்தது. வெடிப்புகளின் உள்ளேயும் அதே நிறம். குனிந்து உள்ளங்கையை முகர்ந்தார்.

"தோல் வழியாப் போயிருக்கும்மா," என்றார் மெதுவாக. "வெடிப்பு வேற. வாயில இழுத்தது போதாதுன்னு கையால குடிச்சிருக்கீங்க. கையில எதுவும் போட மாட்டீங்களா?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி கழுவுவோம் டாக்டர்."

அவர் கட்டைவிரலால் பழுப்பைத் தேய்த்துப் பார்த்தார், அது போகவில்லை.

"இப்பக் கழுவிட்டு வரட்டுமா? சோப்பு கொண்டாந்திருக்கேன்."

"ரத்தத்துல இருக்கும்மா."

"அப்ப இன்னொரு ஆறு வாரம்..."

"இந்த வருஷத்துக்குக் குடுத்த இலவச ஆபரேஷன்ல இது கடைசி. அடுத்த வருஷம்தான் வரும். பேரை எழுதி வைக்கச் சொல்றேன்." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. வாசல் பக்கம் திரும்பி, "அந்தத் தோள்பட்டை இருக்காரான்னு பாருங்க," என்றார்.

அவள் கையை விட்டார். கையுறைகளை உருவி, மேசைக்கு அடியில் மஞ்சள் பை போட்ட கூடையில் எறிந்தார். அவள் கையைப் பிடித்திருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. சுவரில் இருந்த புட்டியை அழுத்தி மருந்தெடுத்து இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

கனிஷாய் ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்தாள். நல்ல காலை ஊன்றி, மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்து, கூடைக்குள் கையை விட்டாள்.

"அக்கா!" அந்த ஆளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்த செவிலி கத்தினாள். "என்ன பண்றீங்க? அத வெறுங்கையால தொடலாமா? நோய் ஒட்டிக்கும், போடுங்க கீழ!"

கனிஷாய் ஒன்றை மாட்டி முடித்திருந்தாள். டாக்டரின் கை பெரியது, விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. இரண்டாவதையும் மாட்டிக்கொண்டாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது.