நாய்க்காது காலர்

ஆண்டிபட்டியில் பழைய துணி விற்கும் தையல்காரர் அழகுமலையிடம் அந்தச் சட்டையைக் கண்டதும் துள்ளிக் குதித்தேன். நாய்க்காது மாதிரி தொங்கும் அந்தக் காலத்துக் காலர்! போகிற ஊரிலெல்லாம் இதைத்தான் தேடி அலைகிறேன்.

"துவைச்சு மட்டும் வைங்க அண்ணே, மேகமலை போயிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

திரும்பி வந்தால் அந்தக் காதுகளைக் காணோம். காலரைச் சின்னதாக வெட்டித் தைத்து, பளபளவென்று புதுப் பட்டனும் வைத்திருந்தார்.

"யாரு உங்களை வெட்டச் சொன்னது?" எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வெளியூர்ப் புள்ள அந்தக் கோலத்துல போனா, ஆண்டிபட்டிக்காரனைப் பத்தி என்ன நினைப்பாக? கூலியெல்லாம் வேணாம் ஆத்தா" என்றவர், என் ஜீன்ஸைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முழங்காலும் கிழிஞ்சிருக்கே. மாத்திட்டுக் கொண்டா, அதையும் தச்சுத் தாரேன்."