விலகல் மனு

மாநில வழக்கறிஞர் சங்கத்தின் செய்திமடல் வெளியான ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலே முக்கால் மணியிலிருந்து, பதினான்காம் எண் அறையில் வழக்காடிக்கொண்டிருந்த பெண் வக்கீலால் நீதிமன்றக் கட்டடத்தை விட்டு வெளியே போக முடியவில்லை. மடலின் இரண்டாம் பக்கத்தில், பயிற்சி வகுப்புகளின் தேதிகளுக்கும் காலமான உறுப்பினர்களின் பட்டியலுக்கும் நடுவே ஒரு விதித் திருத்தம் அச்சாகியிருந்தது. ஒரு வழக்கை ஏற்ற வழக்கறிஞர், அது முடியும்வரை அல்லது நீதிமன்றம் அனுமதிக்கும்வரை, வெளியேறக் கூடாது. 'வழக்கிலிருந்து' என்ற சொல் எப்படியோ விட்டுப்போயிருந்தது. மடலை நானூறு பேர் படித்தார்கள். படித்துவிட்டு வழக்கம்போல வீட்டுக்கும் போனார்கள். இவர் மட்டும் முன்வாசலின் கடைசிப் படியிலிருந்து கால் எடுத்து வைத்தார். கால் பட்டது உள்ளே, முதல் மாடி நடைவழியின் தரையில். பக்கவாசலிலும் அப்படியே ஆயிற்று. திங்கட்கிழமை சிறை வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். வண்டி சிறைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பதினான்காம் அறை பெஞ்சில் இருந்தார். வாயிற்காவலர் ஒவ்வொரு முறையும் வெளியே போன நேரத்தையும் உள்ளே வந்த நேரத்தையும் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, "அம்மா, நோட்டு தீரப்போகுது. ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். சரி என்றார் வக்கீல். அடுத்த இதழில் பிழைதிருத்தம் ஒன்று வந்தது. காலமானவர் ஒருவரின் தலைப்பெழுத்தைச் சரிசெய்திருந்தார்கள்.

அவர் விலகல் மனு கொடுத்திருந்தது கிரேன் ஓட்டுநரின் வழக்கில். கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் கிரேனின் கம்பிவடம் அறுந்து இரண்டு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். வடம் நைந்திருக்கிறது என்று வேலைக் குறிப்பேட்டில் மூன்று முறை எழுதி வைத்ததாக ஓட்டுநர் சொன்னார். குறிப்பேடு காணாமல் போயிருந்தது. ஓட்டுநர் சிறையில் இருந்தார். வக்கீல் அதைக் கிளற ஆரம்பித்த வாரம், கட்டுமான நிறுவனத்திலிருந்து நல்ல சட்டை போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆறு வயது மகள் எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாள், எந்த மூலையில் நின்று நாய்க்குட்டியைப் பார்க்கிறாள் என்பதையெல்லாம் அன்போடு சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே வக்கீல் 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதி மனு கொடுத்துவிட்டார். கணவரிடம் மூச்சு விடவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு சொல்லியே ஆகவேண்டியிருந்தது. தெருவில் அந்தக் குழந்தையின் கையைப் பிடிக்க இனி அவர் ஒருவர்தான். கணக்கு வாத்தியாரான அவர் மகளை வேறு பள்ளிக்கு மாற்றி, காலையும் மாலையும் தானே கூட்டிப்போனார்.

மனு விசாரணைக்கு வர மூன்று வருடம் எட்டு மாதம் ஆயிற்று. ஒரு நீதிபதி நீண்ட விடுப்பில் போனார், அடுத்தவர் மாற்றலானார், மூன்றாமவரிடம் வழக்குக் கட்டே வந்து சேரவில்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தா. கையில் இருந்த மற்ற வழக்குகள் ஒவ்வொன்றாக முடிந்தன. இது மட்டும் அசையவில்லை. சங்கம் ஒரு தீர்மானமும் ஒரு கட்டிலும் கொடுத்தது. சக வக்கீல்கள் அவருக்கு 'நிலுவை' என்று பெயர் வைத்தார்கள். மகள் பள்ளி விட்டதும் வந்து சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அவளுடைய பால்பற்கள் விழுந்தது எல்லாம் அந்த அறையில்தான். மழையில் நனைந்து வரும் நாட்களில் வக்கீல் உடனே துவட்ட மாட்டார். அந்த ஈரத் தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருப்பார்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை காவல் நீட்டிப்புக்காகக் கிரேன் ஓட்டுநரைக் கூட்டிவருவார்கள். அந்த நேரத்தில் வக்கீல் ஆவண அறைக்குள் போய் நின்றுகொள்வார். முதல் வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் நடைவழியில் நேருக்கு நேர் எதிர்ப்பட்டுவிட்டார்கள்.

"நீங்களும் உள்ளதானாமே வக்கீலம்மா," என்றார் ஓட்டுநர். குரலில் கேலி இல்லை. "எனக்காவது பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வண்டியில தெருவப் பாக்கக் கிடைக்குது."

அதன் பிறகு வக்கீல் ஆவண அறைக்கு ஒளியப் போகவில்லை, தேடப் போனார். இரண்டரை வருடம் கட்டுக்கட்டாகப் பிரித்தார். வடம் விற்ற கடைக்காரர்மேல் கட்டுமான நிறுவனம் போட்டிருந்த வேறொரு சிவில் வழக்கின் கட்டில் அது இருந்தது. சரக்கு மட்டம் என்று காட்டுவதற்காக, குறிப்பேட்டின் நகலை நிறுவனமே தாக்கல் செய்திருந்தது. மூன்று குறிப்புகள், ஓட்டுநரின் கோணல் எழுத்து, பார்த்தேன் என்று மேலாளரின் கையொப்பம்.

அந்த மாதமே விலகல் மனுவைக் கூப்பிட்டார்கள். புது நீதிபதி நல்லவர். "அனுமதிக்கலாம்னு இருக்கேன். இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்," என்றார். கணவர் மகளுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு முன்வாசல் படிகளுக்குக் கீழே நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது. கூண்டில் ஓட்டுநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகாதீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று வக்கீல் பிற்பாடு சொன்னதுண்டு. மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னபோது, தட்டச்சர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கணவர் பதினேழு நாள் பேசவில்லை. சாப்பாட்டை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பதினெட்டாம் நாள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "பாப்பாவ நான் பாத்துக்கறேன். நீ முடிச்சிட்டு வா," என்றார். குறிப்பேடு தாக்கலாகி நாலு பேருக்குத் தெரிந்த பிறகு, நல்ல சட்டைக்காரர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. ஓட்டுநர் விடுதலையாகி முன்வாசலில் இறங்க, பின்னாலேயே வக்கீலும் இறங்கினார். கால் தெருவில் பட்டது. வெயில் தாங்காமல் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

வீட்டில் இருபத்து மூன்று நாள் இருந்தார். ஒரு ஞாயிறு முழுக்க, எங்கே போகிறோம் என்றே இல்லாமல் மகளோடு நடந்து செருப்பு அறுந்து வேறு வாங்கினார். இருபத்து நான்காம் நாள் ஒரு பெண் வந்தாள். அவள் தம்பி துணி ஆலையில் கொதிகலன் பார்த்தவன், இரண்டு வருடமாக அதே சிறையில் இருந்தான். கிரேன் ஓட்டுநர்தான் முகவரி எழுதிக் கொடுத்திருந்தார். வக்காலத்துத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்தாள். வக்கீல் கணவரைப் பார்த்தார். அவர் அந்தத் தாளை ஒரு முறை படித்தார், பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு போர்வையும் இரண்டு புடவைகளும் எடுத்து மடித்துப் பையில் வைத்தார்.

வக்கீல் கையெழுத்துப் போட்டார். வந்தவளை வழியனுப்ப வாசல் கதவைத் திறந்தபோது, அந்தப் பக்கம் முதல் மாடி நடைவழி இருந்தது. குமாஸ்தா ஒருவர் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெண் சற்றுத் தயங்கி, கீழே இறங்கும் படி எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடது பக்கம் என்று கை காட்டிவிட்டு வக்கீல் பையை எடுத்துக்கொண்டார்.

மகள் நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "அம்மா, கதவச் சாத்திட்டுப் போ. கோர்ட்டுத் தூசியெல்லாம் வீட்டுக்குள்ள வருது," என்றாள்.