திரைக்கு இந்தப் பக்கம் வந்த கை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. தோள்பட்டை வலிக்குப் போன இடத்தில் கிடைத்தது. பிறகு யாரும் கேட்பதற்குள் நானே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

ஆவுடையார்கோவில் கடைவீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் மலையாண்டி என்பவர் அக்குபங்சர் வைத்தியம் பார்க்கிறார். சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவர். அங்கே முதுகு பிடித்துக்கொண்டு ஒரு சீன வைத்தியரிடம் நோயாளியாக நுழைந்தார். பிறகு விடுமுறை நாட்களில் அவரிடமே மாணவராக உட்கார்ந்து, சான்றிதழோடு ஊர் திரும்பினார். ஊசி குத்துமுன் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பார். இடது கை, அப்புறம் வலது கை. பிறகு நாக்கை நீட்டச் சொல்வார்.

என் வலது கைக்கு வந்ததும் விரலை எடுக்காமலேயே, "அக்கா, நீங்க கதையெல்லாம் எழுதுறீங்கள்ல? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க" என்றார். சொல்லி முடிக்கும்வரை என் மணிக்கட்டு அவர் விரல்களுக்குள்தான் இருந்தது. ஊசி போடாமலேயே அனுப்பிவிட்டார் என்பது பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "புதுக்கோட்டை போனதும் பெரிய ஆஸ்பத்திரியில ஒருதடவை காட்டிருங்கக்கா" என்று படியிறங்கும்போது சொன்னார். எல்லா வைத்தியரும் சொல்வதுதானே. நான் கதை கிடைத்த குஷியில் வீடு வந்து சேர்ந்தேன்.

நான் பேனாவில் எழுதுகிறவள். என் மகள் அருணாதான் கணினியில் அடித்துத் தருகிறாள். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் வாய்.

2

முதல் தொடக்கம்: "கடலிலிருந்து கிளம்பிய காற்று அந்த வீட்டுக்குள் மட்டும் —"

வேண்டாம். காற்றில் தொடங்கினால் அடுத்த வரியிலேயே பேய் வந்து உட்கார்ந்துகொள்ளும். (ஆனால் மலையாண்டி படித்த சீன வைத்தியத்தில் பக்கவாதத்துக்குக் காற்றடிப்பு என்றுதான் பெயராம். உடம்புக்குள் காற்று கிளம்பித் தலைக்கு ஏறி ஆளைச் சாய்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. இங்கேயும் கை கால் விழுந்தால் 'காத்து அடிச்சிருச்சு' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "ரஹ்மத் நிஷா தன் கணவரை அடக்கம் செய்த —"

[இதையும் முடிக்கவில்லை. – அ.]

அப்படியே இருக்கட்டும் என்றேன். வீடு கட்டும்போது சாரம் வெளியே தெரிந்தால் குற்றமா என்ன.

3

மீமிசலைத் தாண்டி ஒரு கடற்கரை ஊர். ரஹ்மத் நிஷாவின் கணவர் மௌத்தாகி, அவர் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கழிக்கும் காலம் அது. அதற்குள் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, உயிருக்குப் பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பேச்சு குழறியது. வலது கை மடியில் போட்ட ஈரத்துணி மாதிரி கிடந்தது. ஊசி வைத்தியமும் பார்த்துவிடலாமென்று அவர் தம்பி ராஜா முகமது மலையாண்டியை அழைத்துப் போனார்.

"வைத்தியத்துக்குன்னா பார்க்கலாம், தப்பில்லன்னு பள்ளிவாசல் அஜ்ரத்தே சொல்லிட்டாக. அக்காதான் கேக்க மாட்டேங்குது தம்பி. ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்தேன், இப்ப நெனவு இருக்குல்லங்குது. திரை போட்டுத்தான் பார்க்கணுமாம்."

கூடத்துக்கும் அறைக்கும் நடுவே பச்சைப் போர்வை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அது தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நின்றது. அந்தப் பக்கம் மூன்று பெண்கள்: ரஹ்மத் நிஷா, அவரைத் தாங்கிப் பிடித்திருந்த மருமகள் பாசிலா, மகள் ரூமானா. இந்தப் பக்கம் மலையாண்டி ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு சம்மணமிட்டார். பின்னால் நாற்காலியில் ராஜா முகமது.

நாக்கைப் பார்க்க வேண்டுமே. ரூமானா போனில் படம் எடுத்துப் போர்வைக்கு அடியில் தள்ளினாள். படம் முழுக்க நாக்கு மட்டும்தான் இருந்தது. அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகமில்லாத நாக்கை மலையாண்டி அதுவரை பார்த்ததில்லை. போனைச் சட்டென்று திருப்பித் தள்ளிவிட்டார்.

பிறகு இடது கை வந்தது. யாரோ தூக்கித் தலையணையில் வைத்தார்கள். நாடி தளர்ந்து, ஆழத்தில் ஓடியது. படுத்து எழுந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

"இப்ப அடுத்த கைங்க" என்றார்.

அடுத்த கை வந்தது. வளையல் இல்லாத கை. தலையணையில் உள்ளங்கை மேலாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மலையாண்டி விரலை வைத்தார். இறுக்கிக் கட்டிய கொடிக்கயிறு போல நாடி விறைத்துத் துடித்தது. அடியில் ஒன்றுமில்லை, எல்லாம் மேல்நோக்கி ஓடியது. அவர் படித்த படிப்பில் அது காற்று கிளம்பிவிட்ட நாடி. விழப்போகிறவரின் நாடி.

"இந்தக் கையில நாடி சரியில்லங்க" என்று அவர் போர்வையைப் பார்த்துச் சொன்னார். "இன்னொருதடவை அடிக்கிற மாதிரி இருக்கு. ஊசி இப்ப வேணாம். ஒடனே வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் சொல்லி வாய் மூடியதும் அந்தக் கை அவர் விரல்களை ஒருமுறை இறுகப் பிடித்தது. பிறகு போர்வைக்கு அடியில் உள்ளே போய்விட்டது.

(மலையாண்டி இதைச் சொல்லும்போது என் கையை —)

4

திரும்பும் வழியில், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய ரோட்டில், பட்டப்பகலில் அவர் வண்டியை நிறுத்திவிட்டார். விழுந்த கை எப்படித் தானாகத் திரும்பிப் படுக்கும்? எப்படி விரலைப் பிடிக்கும்? யாருக்கோ வரப்போகும் சாவைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், யாருக்கென்றே தெரியாமல்.

அதற்குள் அங்கே ரஹ்மத் நிஷாவைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாச் சோதனையும் செய்தார்கள். ராஜா முகமது போனில் கொதித்தார்.

"புதுசா ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இத்தாவுல இருக்குற பொம்பளையை வீணா ரோட்டுக்கு இழுத்துட்டீங்களே தம்பி."

"பாய், நான் ஒருதடவை வந்து பேசணும். அன்னைக்கு ரெண்டாவதாப் பார்த்தது அக்கா கை இல்ல."

"வாங்க" என்றார் ராஜா முகமது.

5

அதே போர்வை. அதே தலையணை. மலையாண்டி உட்காரவில்லை.

"அன்னைக்கு ரெண்டாவதாக் கை நீட்டுனது யாருங்க? சண்டைக்கு வரல. அந்தக் கைக்காரவங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும், அம்புட்டுத்தான்."

"நான் மாமியை ரெண்டு கையாலயும் தாங்கிட்டு இருந்தேன்" என்றது பாசிலாவின் குரல்.

"என் கையில போன் இருந்துச்சு" என்றாள் ரூமானா. "நீங்க கேட்டதும் அம்மா கையைத் தூக்கக் குனிஞ்சேன். அதுக்குள்ள நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க. முன்னாடி பார்த்த கையை வச்சே சொல்றீங்கன்னு நெனச்சோம். அம்மா கை மடியிலயேதான் கெடந்துச்சு. நானும் வளையல் போட்டிருக்கேன், பாசிலா மச்சியும் போட்டிருக்கு."

அப்போது ரஹ்மத் நிஷா வாயைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லும் கல்லைப் புரட்டுவது போல வந்தது.

"கை… போச்சு. நான் பார்த்தேன். இவளுக ரெண்டு பேருக்கும்… நடுவுல இருந்து… போச்சு."

ராஜா முகமது நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

[அம்மா, இதைத் தனியாக உட்கார்ந்து அடிக்க முடியவில்லை. கூடத்துக்கு வந்துவிட்டேன். – அ.]

கற்பூர வாசனை வந்தது என்று ஒரு வரி எழுதி, கோடு போட்டு அடித்துவிட்டேன். வாசகரை இவ்வளவு மலிவாகப் பயமுறுத்தக் கூடாது. மூளை அடிபட்டவர்களுக்கு இல்லாத கை தெரிவதுண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மலையாண்டிக்கு மூளை அடிபடவில்லையே.

6

முடிவு ஒன்று. அது பாசிலாவின் கை. புருஷன் அப்ரார் துபாயில். மாமியாரைத் தூக்குவதும் கழுவுவதும் ஊட்டுவதும் அவள்தான். சில வாரங்களாகவே அவளுக்கு ஒரு கை மரத்துப்போகிறது, கேட்க நாதியில்லை. வைத்தியர் வந்த சந்தர்ப்பத்தில் ஒரு கையை மாமியார் முதுகிலிருந்து எடுத்து, வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, நீட்டிவிட்டாள். தன் தீர்ப்பைத் தன் காதால் கேட்டாள். தானும் படுத்துவிட்டால் மாமியைப் பார்க்க ஆளில்லை என்பதால் மறைத்துவிட்டாள்.

எல்லாம் பொருந்துகிறது. பொருந்துவதுதான் எனக்கு இடிக்கிறது. பாசிலாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஊரில் இருக்கிற பாரமெல்லாம் போதாதென்று இந்த நோயையும் அவள் தலையில் கட்டி, தியாகி பட்டம் கொடுக்க நான் யார்?

முடிவு இரண்டு. அது யாருடைய கையும் இல்லை. எழுதிப் பார்த்தேன். அப்படியானால் அந்த நோய் மட்டும் யாரிடம் போய்ச் சேரும் என்ற கேள்வி வந்து நின்றது. பேனாவை மூடிவைத்தேன்.

முடிவு மூன்று. இத்தா முடிந்து போர்வையை அவிழ்க்கிறார்கள். மலையாண்டி வாசலில் நிற்கிறார். அந்தப் பக்கம் கை கை கை

[அம்மா, இது என்ன? எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. வேண்டுமென்றே செய்ததா? – அ.]

7

வேண்டுமென்றே செய்யவில்லை. முன்னால் பாதியில் விட்ட வாக்கியங்கள் என் சாமர்த்தியம். இது அல்ல. காலையிலிருந்து பேனா நழுவிக்கொண்டிருக்கிறது. காப்பி டம்ளரும் நழுவியது. வயசாகிறது என்று சிரித்துக்கொண்டேன்.

அருணா சிரிக்கவில்லை. மலையாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"தம்பி, அந்தக் கை யாருதுன்னு கடைசியாத் தெரிஞ்சுதா?"

"கதை கெடக்குதுக்கா. ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா?"

"எதுக்கு?"

"அன்னைக்குத் திரையைப் பார்த்துச் சொன்னேன். அது யாரு தலையிலயோ போயி விழுந்துச்சு. அதுலேருந்து நேராச் சொல்ல வாய் வர்றதில்ல. ஒங்க வலது கையைப் புடிச்சேன். அந்தத் தலகாணியில புடிச்ச அதே நாடி. கதையாச் சொன்னா, எழுதுறவங்க, புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

மகளைத் திட்டி மருமகளுக்கு உணர்த்துகிற ஊர் இது. சாடை புரியாமல் இங்கே ஒருவரும் குடித்தனம் நடத்த முடியாது. எனக்குப் புரியவில்லை. கதை ஆசை காதை அடைத்துவிட்டது. இப்போது பயமாக இருக்கிறது, வாசகரே. இதற்கு அலங்காரம் ஒன்றும் தோன்றவில்லை.

அருணா நூற்றெட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டாள். வண்டி வருவதற்குள் இதை எழுதுகிறேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாடி மெய்யோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் ஒருத்தி கை மரத்துப்போவதைச் சொல்லாமல் வைத்திருக்கக்கூடும். எந்த முடிவை எழுதினாலும், முதலில் பாசிலாவையும் ரூமானாவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். திரையைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

வாசலில் வண்டி வந்துவிட்டது. "எந்திரிம்மா, கையைக் குடு" என்று அருணா குனிகிறாள். என் இடது கை தாளை அழுத்திக்கொண்டிருக்கிறது. வலது கை பேனாவோடு மேசைமேல் இருக்கிறது. இரண்டையும் நான் இன்னும் எடுக்கவில்லை.

"ம், அப்படித்தான். நல்லாப் புடிச்சுக்க" என்று சொல்லி அருணா ஒரு கையைப் பிடித்துத் தூக்குகிறாள்.