ஸ்டிக்கர் அக்கா தனக்கு ஒட்டாத ஸ்டிக்கர்

வாஷிங் மெஷின் பழுதுபார்க்க வந்தால் ஸ்டிக்கர் அக்கா எடுத்த எடுப்பில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டாள். முதலில் குறுக்கு விசாரணைதான். வாங்கி எத்தனை வருஷம், இதற்கு முன் என்ன பழுது என்று துருவித் துருவிக் கேட்பாள். வேலை முடிந்ததும் தேதியையும் பழுதையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். பெயர் வந்த கதை அதுதான்.

அன்று மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. கருவிப் பையோடு ஏறியவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவள் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"என்னங்க இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க."

"உடம்பு கொஞ்சம் போட்டுடுச்சு, அவ்வளவுதான். மெஷினுக்கு இதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலையே."

அக்கா அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினாள். மோட்டாரெல்லாம் துரு.

"தண்ணி ஒழுகியிருக்கே?"

"ஓ, அதுவா! ரெண்டு வருஷம் ஆச்சு. அது அப்பவே நின்னுடுச்சே."

"நல்லா இருக்கு போங்க! நின்னுட்டா போயிடுச்சா? அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பப்போ திறந்து பாத்திருக்கலாம். மோட்டார் தப்பிச்சிருக்கும்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். ஆனால் உட்கார்ந்த பிறகும் அக்காவுக்கு மூச்சு அடங்கவில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

"சரி, இப்ப என் முறை. உங்களுக்கு இதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு?"

"எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்."

"குழந்தை?"

"ஒரே பொண்ணு. ஒன்பது வயசு."

"அவ வயித்துல இருந்தப்ப?"

"அப்பவா? பிரஷர் எகிறிடுச்சு. மூஞ்சியெல்லாம் வீங்கி, எட்டாம் மாசமே ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அது பிரசவத்தோட நின்னு..."

பேச்சு பாதியில் நின்றது. சற்றுமுன் கண்டித்த பதிலையே தானும் சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்துவிட்டது.

நர்ஸ் பிரஷர் பார்க்கும் கருவியை அக்காவின் கையில் சுற்றினாள். நூற்று அறுபத்து நாலுக்கு நூற்று இரண்டு, ரொம்ப அதிகம். அக்காவுக்கு மகளின் முகம்தான் கண்முன் வந்தது. பயந்தாலும் அக்கா கேள்வி கேட்காமல் இருப்பாளா?

"அன்னைக்கு வந்த பிரஷருக்கும் இப்ப மூச்சு வாங்குறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கர்ப்பத்துல பிரஷர் வந்தவங்களுக்குப் பின்னாடி இதய நோய், பக்கவாதம் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். அப்ப சர்க்கரை வந்தவங்களுக்கும் இதய நோய் பயம் உண்டு. வந்தே தீரும்னு இல்லை, முன்னாடியே பாத்துக்கிட்டா பெரும்பாலும் தடுக்கலாம். எந்த டாக்டரும் கேக்கலையா?"

"கேக்கலை. நானும் சொல்லலை. முட்டிவலின்னு போவேன், மாத்திரை வாங்கிட்டு வந்துடுவேன்."

"மெஷின் கிடக்கட்டும். கிளம்புங்க, எங்க ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அங்கே இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இதயத்தின் சுவர் லேசாகத் தடித்திருந்தது. நல்லவேளை, மாத்திரை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, தினசரி நடை, தவறாத பரிசோதனை என்று சமாளிக்கக்கூடிய கட்டம்தான். டாக்டரையும் அக்கா கேள்வியால் குடைந்தெடுத்தாள். "என்னை இவ்வளவு கேள்வி யாரும் கேட்டதில்லம்மா" என்றார் அவர்.

வெளியே வந்ததும் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்தாள். "ஒன்பது வருஷம் முன்பு, கர்ப்பத்தில் பிரஷர்" என்று எழுதித் தன் மருத்துவ பைலின் உள்பக்கம் அழுத்தி ஒட்டினாள். கையோடு தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஏய், நீ வாயும் வயிறுமா இருந்தப்ப சர்க்கரை இருந்துச்சுல்ல?"

"அது எப்பவோ சரியாப்போச்சே அக்கா."

"அந்தப் பேச்சே பேசாத! ஊரு மெஷினுக்கெல்லாம் ஒட்டினேன், எனக்கு ஒட்டலை. கர்ப்பத்துல வந்த பிரஷரும் சர்க்கரையும் பிரசவத்தோட முடிஞ்சுதுன்னு எந்தப் பொம்பளையும் நினைக்கக் கூடாதுடி. எந்த டாக்டர்கிட்ட போனாலும், அவர் கேக்கலைன்னாலும், நாமளே சொல்லணும். வருஷா வருஷம் பாத்துக்கணும். நாளைக்குக் காலையில ரெடியா இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."