ரிஸ்வியின் சாவிக்கொத்து

ரிஸ்வி முதலாளி விட்ட முதல் அறையிலேயே ஜுனைதீனுக்குப் பல் ஒன்று தெறித்தது.

"அழிச்சிட்டேன்னு சொன்ன. பைலு முந்தியவிடப் பெருசாத்தானே ஈக்கி! எங்கடா ஒளிச்ச?"

இரத்தோட்டைக் கராம்பு ஆலையில் கொம்பியூட்டர் வேலை ஜுனைதீனுடையது. அனல் காற்றில் கராம்பை உலர்த்தும் அறைக் கதவைத் திறந்தாலும் பூட்டினாலும் விரல் வைக்க வேண்டும். யார் விரல், எத்தனை மணி என்று டேட்டாபேஸில் ஏறிவிடும். இன்று காலை லீவு கேட்ட தொழிலாளி யோகேந்திரனை உள்ளே தள்ளிப் பூட்டியது முதலாளியின் விரல். திறந்தபோது, ஐயோ, அந்த மனிதன் வெந்து கிடந்தான். அவன் மனைவி ரஜிதா இப்போது கேட்டுக்கு வெளியே நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்துகிறாள். பொலிஸ் வருவதற்குள் கதவுப் பதிவு ஒன்றுகூட இருக்கக்கூடாதாம்.

உயிருக்குப் பயந்து ஜுனைதீன் எல்லாவற்றையும் அழித்தான். அழித்தால் டேட்டா பைலுக்குள் இடம் காலியாகுமே தவிர, அளவு குறையாது. அழித்த ஒவ்வொரு வரியையும் லொக் பைல் என்ற குறிப்பேடு தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் அது இன்னும் வீங்கும். இதை இந்த மடையனுக்கு யார் புரியவைப்பது? வாயைத் திறந்தபோதெல்லாம் இரும்புக் கம்பி இறங்கியது. இடதுகை விரல் இரண்டு சடக்கென்று முறிந்தன.

"லொக்க பேக்கப் எடுத்தாத்தான் சுருக்கலாம், முதலாளி!" என்று அலறினான். "டிஸ்க்ல இடமில்ல. வெளிய எதுலயாவது எடுக்கணும்."

புது டிஸ்க் கேட்டு எட்டு மாதமாக அவன் தொண்டை வற்றியிருந்தது. ரிஸ்வி வண்டிச் சாவிக்கொத்தில் தொங்கிய பாட்டுப் பென் டிரைவைக் கழற்றி எறிந்தார்.

"இந்தா, இதுல எடு. எடுத்துட்டுச் சுருக்கு!"

லொக்கை அப்படியே அதில் பிரதி எடுத்தான், சுருக்கினான். ஒன்பது ஜிபி ஒன்றுக்கும் கீழே வந்தது. முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

"அடிச்சாத்தான்டா ஒனக்கு வேலை ஓடும்."

பென் டிரைவை மறுபடியும் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு, கம்பியால் முதுகில் இன்னொரு போடு போட்டார். ஜுனைதீன் சுருண்டு விழுந்தான்.

பொலிஸ் வந்தது. டிஸ்க் நிறைந்து பதிவெல்லாம் அழிந்துபோனதாக ரிஸ்வி இன்ஸ்பெக்டரிடம் கூசாமல் சிங்களத்தில் சொன்னார்.

ஜுனைதீன் தரையில் கிடந்தபடியே இரத்தத்தைத் துப்பினான். அவனும் சிங்களத்திலேயே, கேட்டில் நிற்கும் ரஜிதாவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கக் கத்தினான்: "அவருடைய வண்டிச் சாவியை வாங்குங்க, சேர்! யோகேந்திரனை வைத்துப் பூட்டின விரலும் நேரமும் அதில் மாட்டின பென் டிரைவில்தான் தொங்குது. அழிக்கச் சொல்லி அழித்த நேரமும் இருக்கு."

ரிஸ்வியின் கை பொக்கெட்டுக்குப் பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையை அப்படியே பிடித்து முறுக்கினார்.