பதில் வணக்கம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கடலோரத்தில் இருக்கும் எங்கள் சான்செஸ் ஊரில் நடந்த ஒன்றை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கேட்கும்போது முதுகு கொஞ்சம் சில்லிடும். சில்லிட்டால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தில்சியா தன் கணவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். கத்தி தாடைக்குக் கீழே இறங்கும்போது அவரே முகத்தைத் தூக்கிக் கொடுப்பது வழக்கம். இன்றைக்கு அவள்தான் தூக்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு அவள் கண்விழித்தபோதே வெய்க்கோவின் உடம்பு குளிர்ந்திருந்தது. இப்போது மணி பத்து.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் கேட்பது வீட்டுக்காரியின் அழுகை. வாசலுக்கு வந்து ஒரு குரல் அழுவாள். அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுத் தெருவே ஓடிவரும். தில்சியா இன்னும் அழவில்லை. அழுது, ஒருவரும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். ஆள் வராத சாவு எங்கள் ஊரில் இரண்டாவது சாவு.

வெய்க்கோ பின்லாந்துக்காரர். எங்கள் ஊர் வெயிலுக்கு ஆசைப்பட்டு வந்தவர், தில்சியாவைக் கட்டிக்கொண்டு பதினான்கு வருஷம் இருந்துவிட்டார். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். ஆனால் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். கடைக்குள் நுழைவார், பத்துப் பேர் நிற்பார்கள், நேரே போய் "ரெண்டு முட்டை" என்பார். வாடகை வண்டியில் ஏறினாலும் யாரையும் விசாரிக்காமல் உட்கார்ந்துவிடுவார். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார்.

"ஏன் தோன் வெய்க்கோ, நேத்து ராத்திரி என்கூடத்தான் படுத்திருந்தீங்களா? கூடப் படுத்து எழுந்தவனுக்குத்தான் காலையில வணக்கம் வேணாம்" என்று கடைக்கார ராதமேஸ் ஒருநாள் கேட்டான். கடையே சிரித்தது. வெய்க்கோவுக்குக் காது சிவந்தது. அடுத்த வாரம் முழுக்கக் கடைப்பக்கமே வரவில்லை.

எதிர்வீட்டுக் கிழவி தோன்யா எர்சிலியா சிரிக்கவில்லை. பெரியவர்களைத் தோன், தோன்யா என்றுதான் எங்கள் ஊரில் மரியாதையாகக் கூப்பிடுவோம். "நான் என்ன வேலிக்கம்பா? அந்த மனுஷன் எனக்கு வாய் திறக்காதவரைக்கும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

அவரிடம் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. "எங்க ஊர்ல, சும்மா இருக்கிற மனுஷனைக் கூப்பிட்டுப் பேசறதுதான் மரியாதை இல்லாத வேலை, தில்சியா. அவங்களைத் தொந்தரவு பண்ணாமப் போறேன். அதுக்கா கோபம்?"

முந்தின நாள் சாயங்காலமும் இதே சண்டைதான். எர்சிலியா வேலியோரமாக நடந்துபோனாள்; வெய்க்கோ எழுந்து உள்ளே போய்விட்டார். தில்சியாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீ செத்தா இந்த வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வராது. நான் ஒருத்தியே உன்னைத் தூக்கிட்டுப் போகணும்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "எல்லாருக்குமா சொல்லணும்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்."

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும். பேர் சொல்லி, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கணும். அவங்க பதில் சொல்றவரைக்கும் நிக்கணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதைத்தானே சொல்றேன்."

"சரி" என்றார். ஒரு வேலையை ஒப்புக்கொள்கிற மாதிரி. அதோடு படுக்கப் போனார்.

சவரம் பாதியில் இருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. தில்சியா கத்தியை வைத்துவிட்டுப் போய்த் திறந்தாள். ராதமேஸ் நின்றான். முகமெல்லாம் பல்.

"வணக்கம் தில்சியா. உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு இன்னைக்கு? மசிச்ச வாழைக்காயை வாயில வச்சிட்டிருக்கேன், வாசல்ல வந்து நிக்கறாரு. 'வணக்கம் ராதமேஸ், நல்லாச் சாப்பிடுங்க, அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கு'ங்கறாரு. எனக்கு ஒரு பேர் இருக்குன்னே அவருக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"எப்போ?"

"ரேடியோல எட்டு மணிச் செய்தி ஓடிட்டிருந்தது. ஒரு காபி குடிச்சிட்டுப் போங்கன்னேன். 'நேரமில்ல, தெரு பூரா பாக்கி இருக்கு'ன்னு போயிட்டாரு. வெறுங்கால். அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தில்சியாவின் விரல்களில் சோப்பு நுரை காய்ந்து இழுத்தது.

"அவர் போயிட்டார், ராதமேஸ்."

"எங்க?"

அவள் கதவை அகலமாகத் திறந்தாள். அவன் கட்டிலைப் பார்த்தான். கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

"கடவுளே. எப்போ?"

அவள் கட்டிலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்பத்தான்" என்றாள்.

ராதமேஸ்தான் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தான். பன்னிரண்டு மணிக்குள் பெட்டி வந்தது. அதற்கு முன்பே ஜனம் வந்துவிட்டது. மாதா கோயிலிலிருந்து எடுத்துவந்த நாற்காலிகள் போதாமல் அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்தார்கள். யாரோ இஞ்சித் தேநீர் போட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் தில்சியாவின் கையைப் பிடித்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"காலையில என் வீட்டு முன்னாடி நின்னு வணக்கம் சொன்னாரும்மா."

"என் மருமக பிள்ளைத்தாச்சின்னு அவருக்கு எப்படித் தெரியும்? விசாரிச்சாரே."

"எங்க நாய் தபால்காரனையே விடாது. அவர் வந்தப்போ கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கிச்சு."

தில்சியா ஒவ்வொரு வீடாக மனதுக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். முதலில் இடது பக்கம், கடற்கரை வரைக்கும். பிறகு திரும்பி, வலது பக்கமாக மேலே. ஒரு வீடு விடவில்லை. அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஒழுங்கு அது. அவர் வந்ததாக அவர்கள் சொன்ன நேரமெல்லாம் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மணி வாக்கில் பின்கட்டில் செடி முறியும் சத்தம். எர்சிலியா வந்தாள், வாழை மரங்களுக்கு நடுவில் புகுந்து, பாவாடையெல்லாம் முள்ளோடு. எதிர்வீட்டுக்காரி ஏன் கொல்லைப்பக்கமாக வருகிறாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

தில்சியாவின் காதருகே குனிந்தாள்.

"மகளே, அவர் எனக்கும் சொன்னார். காலையில பெருக்கிட்டிருந்தேன்."

"தெரியும், தோன்யா. எல்லாருக்கும் சொல்லியிருக்கார்."

"நான் பதில் சொல்லலடி." அவள் தில்சியாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பதினாலு வருஷ ஆத்திரம். முகத்தைத் திருப்பிக்கிட்டு உள்ளே போயிட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தா நிக்கறார். சமையல் முடிச்சிட்டுப் பாத்தா நிக்கறார். அப்புறம் சாவு விழுந்துடுச்சுன்னு தெருவுல குரல் கேட்டது. யாரு செத்ததுன்னு இங்க பெட்டி இறங்கறப்போதான் தெரிஞ்சுது. அப்பவும் அங்க நிக்கறார்."

தில்சியா வாசல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். சாத்திய படல். அதன் முன்னால் காய்கிற வெயில். வேறொன்றும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இப்பவுமா?"

"இப்பவும். அந்தப் பக்கமா வர பயந்துதான் சந்து வழியாச் சுத்தி வந்தேன்."

பதில் வருகிறவரைக்கும் நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? தில்சியா எழுந்தாள். கிழவியின் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க தோன்யா. பாவம், எவ்வளவு நேரந்தான் வெயில்ல நிப்பார்."

இருவரும் தெருவைக் கடந்தார்கள். படலுக்கு நாலடி முன்னால் எர்சிலியா நின்றுவிட்டாள். ஆளுயரத்தில் ஓரிடத்தைப் பார்த்தாள். தில்சியாவும் அங்கே பார்த்தாள். செம்பருத்தி வேலிதான் இருந்தது.

"வணக்கம், தோன் வெய்க்கோ" என்றாள் எர்சிலியா. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "வணக்கம். நாங்க எல்லாரும் சௌக்கியம். நீங்க கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். மன்னிச்சுக்குங்க."

காற்று இல்லை. கடல் பக்கமிருந்துகூட ஒரு சத்தமும் இல்லை.

"போயிட்டாரா?"

"தலையை ஆட்டினார். நடக்கறார்."

"எந்தப் பக்கம்?"

எர்சிலியா கையைத் தூக்கிக் காட்டினாள். தில்சியாவின் வீட்டுப் பக்கம்.

தெருவில் இனி பாக்கி இருந்தது அந்த ஒரு வீடுதான். தில்சியா தன் வாசல்வரை மெதுவாக, யாரையும் முந்திவிடாத மாதிரி நடந்தாள். நிலைப்படியில் நின்றாள். உள்ளே அறுபது எழுபது பேர், பெட்டியைச் சுற்றி, கையில் தேநீர்க் கிண்ணங்களோடு. அவள் கதவோடு கதவாக ஒதுங்கி, பின்னால் ஆள் வரும்போது விடுவதுபோல வழி விட்டாள்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் தலைநிமிர்ந்து ஒரே குரலில், பதிலுக்கு, "வணக்கம்" என்றார்கள்.

தில்சியா வாயே திறந்திருக்கவில்லை.

இவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வாசலில் நின்று குரல் கொடுப்பவருக்குப் பதில் சொல்ல உள்ளே எப்போதும் ஆள் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். நீங்கள் பார்த்து வணக்கம் சொல்லும் முகமெல்லாம் மலரட்டும்.